கரி நுண்குழல்களும் ஒளியும்

எரியும் விளக்கின் சுடர்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தால், சிறிது நேரத்தில் அதன் உட்புறத்தே கரி படிதலை யாவரும் அறிவோம். அக்கரியைக் கண்ணுக்கு மையாகவும் ஏட்டெழுத்துக்களுக்குப் பூச்சாகவும் நம் முன்னோர் பயன்படுத்தி வந்தனர். கருமையாவது ஒளி திரும்பி வாராமையே. ஆதலின் கரிக்கும் நிறத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்றே பொதுவாக எண்ணப்படும். ஆயின் அதே கரியணுக்கள் ஒரு குறித்த முறையில் ஒழுங்குற அமைந்து மிக நுண்ணிய குழாய்களாகுங்கால், அவற்றைப் பெய்த நீர் ஒரு கலத்தில் ஊதாவாகவும், பிறிதொன்றில் பச்சையாகவும், மற்றொன்றில் நீலமாகவும் தோன்றுகின்றது. அன்றியும் அவற்றுட் பல, தாம் ஏற்ற ஒளியை வேறோர் ஒளியாக மாற்றி வெளியிடவும் வல்லன. அணுவில் யாதொரு மாறுதலும் இல்லாதிருக்க, அமைப்பினால் மட்டும் இவ்வேறுபாடு விளைதல் எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

இது வெறும் வேடிக்கை பற்றிய ஆராய்ச்சியன்று. இக்குழல்களை உண்டாக்கும் உலையிலிருந்து எடுக்கப்படும் கரும்பொடியிற் பற்பல இனங்கள் ஒருங்கே கலந்திருக்கும். அவற்றுட் சில செம்பைப்போல மின்சாரத்தைக் கடத்துவன; சில சிலிக்கனைப்போலக் குறைகடத்திகள். ஒன்றை மற்றொன்றினின்றும் பிரித்தறிய இயலாதாயின் இப்பொடியால் எவ்வித நுண்கருவியையும் நம்பிக்கையோடு செய்தல் இயலாது. அவ்வேறுபாட்டை அறிதற்குக் கிடைத்த சிறந்த சாதனம் ஒளியே. ஆதலின் இக்குழல்களின் ஒளியியல்பை அறிதல் அவற்றின் இனத்தையே அறிதலாகும்.

1. கண்டுபிடித்த வரலாறு

கரியென்னும் தனிமம் வைரமாகவும் பென்சிலிற் பயன்படும் கிராபைட்டாகவும் இயற்கையிற் காணப்படுகின்றது. 1985-ஆம் ஆண்டில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி என்னும் அறிஞரும் அவர்தம் மாணவரும் அறுபது கரியணுக்கள் பந்துபோல் இணைந்த புதியதொரு மூலக்கூற்றைக் கண்டனர். இதன் பொருட்டு அம்மூவர்க்கும் 1996-இல் ரசாயனத்துக்குரிய நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது. அப்பந்துகளை உண்டாக்கும் மின்வில்லின் கழிவை ஆராய்ந்துகொண்டிருந்த ஜப்பானிய அறிஞராகிய சுமியோ ஈஜிமா, 1991-இல் ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய பல சுவர்களையுடைய கரிக்குழாய்களை எலெக்ட்ரான் நுண்பெருக்கியின் வாயிலாகக் கண்டு வெளியிட்டார். கரியாலாகிய குழல்களின் படங்களை ரஷ்ய அறிஞர் இருவர் 1952-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தனரெனினும், உலகத்தின் கருத்தை இப்பொருளின்பால் திருப்பியது ஈஜிமாவின் கட்டுரையேயாம். 1993-இல் ஒற்றைச் சுவருடைய குழல்களை ஈஜிமாவின் குழுவினரும் அமெரிக்காவில் பெத்தூன் என்பாரின் குழுவினரும் தனித்தனியே ஆக்கினர். நாம் இங்குப் பேசுவது பெரும்பாலும் இவ்வொற்றைச் சுவர்க் குழல்களைப் பற்றியே.

இவற்றின் பருமனை உள்ளத்திற் கொள்ளுதல் நலம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இக்குழல்களின் விட்டம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நானோமீட்டர் அளவினது. நம் தலைமயிர் ஒன்றன் குறுக்கே இவற்றுட் பல்லாயிரத்தைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம். நீளமோ விட்டத்தினும் ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதியாயிருக்கும்.

2. குழலின் அமைப்பும் அதன் இரண்டு எண்களும்

கிராபைட்டின் ஒரே ஓர் அடுக்கை நினைத்துக்கொள்வோம். அதிற் கரியணுக்கள் தேனடையின் அறைகளைப்போல் அறுகோணங்களாக இணைந்து நிற்கும். ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடைவெளி 0.142 நானோமீட்டர். ஓர் அறுகோணத்தின் நடுவிலிருந்து அடுத்த அறுகோணத்தின் நடுவரையுள்ள தூரம் 0.246 நானோமீட்டர். இவ்வடுக்கைச் சுருட்டி விளிம்போடு விளிம்பைப் பொருத்தினால் அதுவே நுண்குழலாம்.

பனையோலைப் பாயைச் சுருட்டுவார் செயலை இங்கு உவமையாகக் கொள்ளலாம். பாயை நேரே சுருட்டினால் அதன் பின்னல்வரிகள் சுருளைச் சுற்றி வளையம் வளையமாக நிற்கும்; சற்றே சாய்த்துச் சுருட்டினாலோ அவ்வரிகள் சுருளின்மேல் திருகிச் செல்லும். அதுபோலவே கரியடுக்கையும் பல சாய்வுகளிற் சுருட்டலாம். எனினும், பாயை விரும்பியவாறு சுருட்டலாகும். கரியடுக்கிலோ ஓர் அறுகோணம் மற்றோர் அறுகோணத்தின்மேற் சரியாகப் பொருந்துமாறே சுருட்டுதல் வேண்டும். ஆதலாற் சுருட்டும் வகைகள் எண்ணிச் சொல்லத்தக்கனவாகின்றன.

அவ்வகைகளைக் குறிக்க இரண்டு எண்கள் போதும். ஓர் அறுகோணத்தினின்றும் புறப்பட்டு ஒரு திசையில் ஆறு அடி சென்று, பின்பு அறுபது பாகை திரும்பி ஐந்து அடி சென்று, அங்குள்ள அறுகோணம் புறப்பட்ட அறுகோணத்தின்மேற் பொருந்துமாறு சுருட்டினால் வருவது (6,5) என்னுங் குழல். இரண்டாம் எண் சூனியமாயினும், இரண்டு எண்களும் சமமாயினும் குழலிற் திருகல் இராது. ஏனையவெல்லாம் திருகலுடையன. சங்குகளில் வலம்புரியும் இடம்புரியும் உள்ளவாறே இத்திருகலுடைய குழல்களுக்கும் வலம் இடம் என்னும் இருவகை உண்டு.

விட்டத்தைக் காணும் கணக்கு எளிது. முதலெண்ணின் வர்க்கம், இரண்டாமெண்ணின் வர்க்கம், இரண்டின் பெருக்கம் ஆகிய மூன்றையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.246-ஆற் பெருக்கினால் குழலின் சுற்றளவு நானோமீட்டரிற் கிடைக்கும். (6,5) குழலுக்கு 36-உம் 25-உம் 30-உம் சேர்ந்து 91 ஆகின்றன. அதன் மூலம் ஏறத்தாழ 9.54, சுற்றளவு 2.35, விட்டம் சுமார் 0.75 நானோமீட்டர். இனி (9,1) என்பதைக் கணக்கிடுவோம். 81-உம் 1-உம் 9-உம் சேர்ந்து அதே 91 ஆகின்றன. ஆகவே இவ்விரு குழல்களும் விட்டத்தால் வேறுபாடற்றன. சாய்வினால் மட்டும் வேறாவன. (7,4) என்பதற்கோ கூட்டுத்தொகை 93. விட்டம் நூற்றிலொரு நானோமீட்டர்கூட மிகுதியாகவில்லை. இம்மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

3. கடத்தியோ, குறைகடத்தியோ?

எலெக்ட்ரான் ஒரு துகளாயிருப்பதோடு அலையின் தன்மையும் உடையது என்பது இருபதாம் நூற்றாண்டுப் பௌதிகத்தின் அடிப்படை உண்மைகளுள் ஒன்று. குழலைச் சுற்றிவரும் எலெக்ட்ரான் அலை, ஒரு சுற்று முடிந்தவுடன் தன் தொடக்கத்தோடே பொருந்துதல் வேண்டும். பொருந்தாதாயின் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். ஆகவே சுற்றளவினுள் முழு எண்ணிக்கையாய் அடங்கும் அலைகளே நிலைபெறும். விரிந்த அடுக்கில் எலெக்ட்ரான்களுக்கு இருந்த எல்லையற்ற சுதந்தரம் குழலாகியவுடன் சில குறித்த படிகளாகச் சுருங்கிவிடுகின்றது.

இவ்விதியைக்கொண்டு 1992-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த மூன்று குழுவினர் தனித்தனியே ஒரு வியப்பான முடிவுக்கு வந்தனர். குழலின் இரண்டு எண்களின் வித்தியாசம் மூன்றால் மீதமின்றி வகுபடுமாயின் அக்குழல் உலோகம்போற் கடத்தும். வகுபடாதாயின் அது குறைகடத்தி. இவ்விதிப்படி (6,5), (9,1) இரண்டும் குறைகடத்திகள். அவற்றோடு பருமனால் ஏறக்குறைய ஒத்த (7,4) உலோகத்தன்மையது. உண்மையில், வளைவின் காரணமாகச் சில உலோகக் குழல்களில் மிகச் சிறிய சக்தி இடைவெளி தோன்றுதலுண்டு. இரண்டு எண்களும் சமமாயுள்ளவையே குறைவற்ற உலோகங்கள். எவ்வித ஒருதலைச் சார்புமின்றி எல்லா வகைகளும் உண்டாகுமாயின் மூன்றிலொரு பங்கு உலோகமாகவும் இரண்டு பங்கு குறைகடத்தியாகவும் இருக்கும்.

தங்கத்தையும் சிலிக்கனையும் வேறுபடுத்துவது அணுவின் வேறுபாடு. இங்கோ அணு ஒன்றே. சுருட்டிய சாய்வே வேறு. இம்முடிவை 1998-இல் நெதர்லாந்தின் டெல்ப்ட் நகரத்தாரும் அமெரிக்க ஹார்வர்டு சர்வகலாசாலையாரும், தனித்த குழல்களை நுண்ணூசியால் தடவி ஆராயும் கருவியைக்கொண்டு மெய்ப்பித்தனர்.

4. குழல் ஒளியை உண்ணும் முறை

குறைகடத்தியில், எலெக்ட்ரான்கள் நிரம்பிய கீழ்நிலைகளுக்கும் வெறுமையான மேல்நிலைகளுக்கும் இடையே ஒரு சக்தி இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைத் தாண்டுதற்குரிய சக்தியைக் கொண்டுவரும் ஒளியே ஏற்கப்படும். சாதாரணத் திண்பொருள்களில் இவ்வாறு ஏற்கப்படும் ஒளி ஓர் எல்லைக்குமேல் தொடர்ச்சியாகப் பரந்து நிற்கும். நுண்குழலிலோ எலெக்ட்ரான்கள் நீளவாட்டில் மட்டுமே தடையின்றி இயங்க வல்லன; எனவே அவற்றின் நிலைகள் சில குறித்த சக்திகளில் நெருக்கமாகக் குவிந்து நிற்கின்றன. திண்பொருள்களில் இத்தகைய குவிவுகள் தோன்றும் வகையை 1953-இல் ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் வான் ஹோவ் என்பாரின் பெயரால் இவை வழங்குகின்றன.

குவிவிலிருந்து குவிவுக்கு நிகழும் தாவலே வன்மையுடையது. எனவே நிறமாலையில் ஏற்கப்படும் ஒளி கூரிய சிகரங்களாகத் தோன்றுகின்றது. மிகக் குறைந்த சக்தியுடையதை முதல் தாவல் என்றும், அடுத்ததை இரண்டாம் தாவல் என்றும் குறிப்போம். குறைகடத்திக் குழல்களில் முதல் தாவல் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பிலும், இரண்டாவது பலவற்றிற் புலனாகும் ஒளியிலும் நிகழும். விட்டம் பெருகப் பெருகத் தாவலுக்கு வேண்டிய சக்தி குறையும். இது குறுகிய புல்லாங்குழல் உச்ச சுரத்தையும் நீண்டது தாழ்ந்த சுரத்தையும் தருதலோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது. 1999-இல் கட்டௌரா என்னும் ஜப்பானிய அறிஞர், ஒவ்வொரு குழலின் விட்டத்தையும் தாவற் சக்தியையும் ஒரே படத்தில் குறித்து வெளியிட்டார். அப்படம் இன்றும் அவர் பெயரால் வழங்கி, இத்துறையினர்க்கு வழித்துணையாக இருந்து வருகின்றது.

(6,5) குழல் சுமார் 566 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள்சார்ந்த பச்சையொளியைத் தன் இரண்டாம் தாவலால் ஏற்கின்றது. வெள்ளொளியினின்றும் அப்பகுதி நீங்கியபின் எஞ்சுவது ஊதாச் சாயலாகும். ஆதலால் அவ்வோரினமே நிரம்பிய நீர் ஊதாவாகத் தோன்றுகின்றது. எல்லா இனங்களும் கலந்திருக்குமாயின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தை உண்டுவிட, எஞ்சுவது கருமையே. கரியின் கருமைக்குள் இத்தனை நிறங்கள் ஒளிந்திருந்தமை இவ்வாறே.

5. குழல் ஒளியை உமிழும் முறை

ஒளியை ஏற்ற குறைகடத்தி அதைத் திரும்பவும் ஒளியாக வெளியிடுதல் கூடும். ஆயினும் ஒற்றைச் சுவர்க் குழல்கள் கிடைத்துப் பல ஆண்டுகள் கழிந்தும் அவற்றினின்றும் இவ்வொளி காணப்படவில்லை. காரணம் பின்னரே புலனாயிற்று. குழல்கள் தம்முள் ஒட்டிக் கற்றைகளாகும் இயல்பின. ஒரு கற்றையிற் குறைகடத்திக் குழலை அடுத்து உலோகக் குழலும் இருக்கும். குறைகடத்தி பெற்ற சக்தி அண்டையிலுள்ள உலோகத்துக்குச் சென்று வெப்பமாகி மறையும்.

2002-இல் அமெரிக்காவின் ரைஸ் சர்வகலாசாலையில் ஸ்மாலி, வைஸ்மன் ஆகியோரின் குழுவினர் இக்கட்டை அவிழ்த்தனர். கரும்பொடியைச் சவர்க்காரம் போன்றதொரு பொருளோடு கனநீரிற் கலந்து, செவிக்கெட்டாத அதிவேக ஒலியலைகளாற் கலக்கினர். பின்பு மிக விரைந்த சுழற்சியினாற் கனத்த கற்றைகளை அடியில் ஒதுக்கினர். மேலே நின்ற நீரில் ஒவ்வொரு குழலும் சவர்க்கார உறை போர்த்துத் தனித்து நின்றது. அந்நீரில் ஒளியைச் செலுத்தியபோது 800 முதல் 1,600 நானோமீட்டர்வரை அகச்சிவப்பொளி தெளிவாக வெளிப்பட்டது.

அடுத்துச் செய்ததே அருஞ்செயல். செலுத்தும் ஒளியின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் வெளிவரும் ஒளியின் அலைநீளத்தைக் குறித்துப் படம் வரைந்தனர். இரண்டாம் தாவலால் ஒளியை ஏற்ற குழல், விரைவில் முதல் தாவலின் நிலைக்கு இறங்கி, அங்கிருந்து ஒளியை உமிழும். எனவே ஒவ்வொரு குழலினமும் அப்படத்தில் ஒரு தனிப் புள்ளியாகத் தோன்றும். (6,5) குழல் 566-ஐ ஏற்றுச் சுமார் 975 நானோமீட்டரில் உமிழ்கின்றது. அதே விட்டமுடைய (9,1) குழலோ சுமார் 690-ஐ ஏற்றுச் சுமார் 910-இல் உமிழ்கின்றது. விட்டத்தாற் பிரித்தறிய இயலாத இரண்டும் ஒளியால் ஐயமறப் பிரிந்து நின்றன. புள்ளிகள் அமைந்த ஒழுங்கையும் இராமன் சிதறலையும் துணைக்கொண்டு, முப்பதுக்கு மேற்பட்ட இனங்களை அவர்கள் இன்ன எண்ணுடையதென்று பெயரிட்டனர்.

6. விகிதத்தால் விளைந்த ஐயம்

இவ்விடத்தில் மாணவர்கள் சிறப்பாக அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. எளிய கொள்கையின்படி இரண்டாம் தாவலின் சக்தி முதல் தாவலின் சக்தியைப்போல் சரியாக இரண்டு மடங்காதல் வேண்டும். (6,5) குழலில் 975-ஐ 566-ஆல் வகுத்தால் விகிதம் 1.72 ஆகின்றது, (9,1) குழலில் 1.32. சாய்வின் வேறுபாட்டால் இத்தகைய சிதறல் உண்டாதல் இயல்பே. ஆயின் அச்சிதறல் பெருங்குழல்களிற் படிப்படியாகக் குறைந்து, விகிதம் இரண்டை அணுகுதல் வேண்டும். அளந்து பார்த்தபோது அது இரண்டை அணுகாமல் ஏறக்குறைய ஒன்றே முக்காலையே நோக்கிச் சென்றது.

கொள்கை பெரும்பாலும் பொருந்திவிட்டது, எஞ்சியது அளவைப் பிழையே என்று அமைந்துவிடுதல் எளிது. அறிஞர் அவ்வாறு அமையவில்லை. குழப்பம், எலெக்ட்ரான்களைத் தனித்தனியே எண்ணியதனால் வந்தது. ஓர் எலெக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவினால் கீழே அது விட்ட வெற்றிடம் நேர்மின்னேற்றம் உடையதுபோல் நடக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, நீரகவணுவின் எலெக்ட்ரானும் கருவும் போலப் பிணைந்து நிற்கும். இப்பிணைப்புக்கு எக்ஸிட்டான் என்று பெயர். நுண்குழல்களில் இது வன்மையுடையதாகும் என்று ஆண்டோ என்னும் ஜப்பானிய அறிஞர் 1997-லேயே கணக்கிட்டிருந்தார். 2003-இல் கேன், மேலே என்னும் இருவர் விகிதத்தின் ஐயத்துக்கு எலெக்ட்ரான்களின் பரஸ்பரத் தாக்கமே காரணமென விளக்கினர்.

2005-இல் ஹைன்ஸ், புரூஸ் ஆகியோரின் குழுவினர் இதனைச் சோதித்தனர். ஒரே சமயத்தில் இரண்டு ஒளித்துகள்களைக் குழல் ஏற்குமாறு செய்தால், ஒற்றைத் துகளால் அடைய இயலாத வேறு நிலைகளை அது அடையும். எலெக்ட்ரானும் வெற்றிடமும் பிணைப்பின்றி இருப்பின் இருவகைத் தாவலும் ஒரே சக்தியில் தொடங்குதல் வேண்டும். ஆயின் இரட்டைத்துகள் ஏற்பு மிக உயர்ந்த சக்தியிலேயே தொடங்கியது. அவ்வேறுபாட்டினின்றும் பிணைப்பின் வலிமை சுமார் 0.4 எலெக்ட்ரான் வோல்ட் எனக் கணக்கிடப்பட்டது. அறையின் வெப்பம் தரும் சக்தியோ 0.025 எலெக்ட்ரான் வோல்ட் அளவினது. பிற குறைகடத்திகள் பலவற்றிற் கடுங்குளிரில் மட்டுமே நிலைக்கும் பிணைப்பு, நுண்குழலில் அறைவெப்பத்திலும் கலையாது நிற்கின்றது. எலெக்ட்ரானும் வெற்றிடமும் ஒரு மெல்லிய கோட்டில் நெருங்கி நிற்க நேர்வதும், இடையே மின்விசையைத் தணிக்கத்தக்க பொருள் குறைவாயிருத்தலும் இதற்குக் காரணங்கள்.

7. இராமன் சிதறலாற் பெற்ற உதவி

உலோகக் குழல்கள் ஒளியை உமிழா, அவற்றை அறிவதெப்படி? இங்கு நம் நாட்டு அறிஞரின் கண்டுபிடிப்பு துணைபுரிகின்றது. திருச்சிராப்பள்ளியில் 1888-இற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சர் ச. வே. இராமன், 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்த சிதறலை நாம் நன்கு அறிவோம். பொருளின்மேல் விழுந்து சிதறும் ஒளியில் மிகச் சிறுபகுதி, அப்பொருளின் அணுக்கள் அதிரும் சக்தியின் அளவுக்குத் தன் சக்தியை இழந்தோ பெற்றோ நிறம் மாறி வருகின்றது.

நுண்குழலின் அணுக்களெல்லாம் ஒருங்கே மூச்சு விடுவதுபோல் வெளிநோக்கியும் உள்நோக்கியும் அசையும் ஓர் அதிர்வு உண்டு. அதன் வேகம் விட்டத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதமானது. ஒரு நானோமீட்டர் விட்டமுள்ள குழலில் இது சென்டிமீட்டருக்கு 240 அலைகள் அளவிலும், 1.4 நானோமீட்டர் விட்டமுள்ளதில் 180 அளவிலும் காணப்படும். அன்றியும் செலுத்தும் ஒளியின் சக்தி குழலின் தாவற்சக்தியோடு ஒத்திருக்குங்கால் சிதறல் பன்மடங்கு பெருகும். இதனால் ஒரே ஒரு குழலையும் ஆராயலாகும். 1997-இல் ராவ் என்பாரும் மில்ட்ரெட் ட்ரெஸ்ஸல்ஹவுஸ் அம்மையாரும் பிறரும் இதனை வெளியிட்டனர். 1,590 அளவில் தோன்றும் வன்மையான கோடு கரியடுக்கின் ஒழுங்கையும், 1,350 அளவில் தோன்றுவது அவ்வொழுங்கிலுள்ள குறைகளையும் அறிவிக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பொடியின் தரத்தை மதிப்பிடுதல் இன்று ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் நிகழ்வதாம்.

8. திசையும் கருமையும்

நுண்குழல் ஒளியை எத்திசையினின்றும் ஒரே தன்மையாக ஏற்பதில்லை. ஒளியலையின் மின்னசைவு குழலின் நீளத்தோடு ஒத்திருப்பின் அது நன்றாக ஏற்கப்படும். குறுக்காக இருப்பின் குழற்சுவரின் இருபுறமும் மின்னேற்றம் குவிந்து அவ்வசைவை எதிர்ப்பதால் ஏற்பு மிகக் குறையும். குழல்களை ஒரே திசையில் அடுக்கிய படலம், ஒரு திசையசைவைத் தடுத்து மற்றதை விடும் வடிகட்டியாகின்றது.

குழல்களைக் காட்டுமரங்கள்போல் செங்குத்தாக வளர்த்தாலோ பிறிதொரு விந்தை நிகழ்கின்றது. கண்ணாடியின் ஒரு முகம் தன்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்புகின்றது. காற்றுக்கும் கண்ணாடிக்குமுள்ள ஒளிவிலகல் வேறுபாடே காரணம். குழற்காட்டிற் பெரும்பகுதி வெற்றிடமாதலால் அதன் விலகல்எண் காற்றினதை ஏறக்குறைய ஒத்தது. ஒளி தடையின்றி உட்புகுந்து குழல்களுக்கிடையே மோதி மோதி முற்றும் உண்ணப்படுகின்றது. 2008-இல் புளிக்கல் அஜயன் என்னும் கேரள நாட்டு அறிஞரும் அவருடைய துணைவரும் அமெரிக்காவில் ஆக்கிய குழற்காடு, விழும் ஒளியில் நூற்றுக்கு 0.045 பங்கையே திருப்பியது. 2014-இல் இங்கிலாந்தில் ஆக்கப்பெற்ற வாண்டாபிளாக் என்னும் பூச்சு 99.965 பங்கையும், 2019-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் வெளியிட்டது 99.995 பங்கையும் உண்ணுகின்றன. தொலைநோக்கிகளின் உட்சுவரிற் சிதறும் வேண்டாத ஒளியை அகற்ற இத்தகைய பூச்சுக்கள் பயன்படுவனவாம்.

9. பயனும் எச்சரிக்கையும்

குழல்கள் உமிழும் அகச்சிவப்பொளி, குருதியும் தசையும் ஒளியை அதிகமாகச் சிதறவும் உண்ணவும் செய்யாத பகுதியில் அமைந்துள்ளது. அதனால் உயிருள்ள உடலின் உட்பகுதிகளைப் படம்பிடிக்க அவை துணையாகும் என்பதை ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 2009-இல் எலிகளைக்கொண்டு காட்டினர். குழலைச் சுற்றியுள்ள பொருள் மாறினால் உமிழும் ஒளியும் மாறும். இதனைக் கொண்டு சர்க்கரை முதலியவற்றின் அளவை அறியும் முறையை ஸ்ட்ரானோ என்பாரின் குழுவினர் 2005-இல் வெளியிட்டனர்.

குறையும் உண்டு. நீரிலுள்ள குழல்கள் ஏற்கும் நூறு ஒளித்துகள்களுக்குப் பொதுவாக ஒன்றளவே திரும்ப உமிழப்படும். எக்ஸிட்டான் குழலின் வழியே நெடுந்தூரம் ஓடி, எங்கேனும் ஒரு குறையில் அகப்பட்டு ஒளியின்றி மடிவதே ஒரு காரணம். ஆனால் 2010-இல் வைஸ்மனின் குழுவினர் சிறிதளவு பிராணவாயுவையும், 2013-இல் மேரிலாண்டு சர்வகலாசாலையார் வேறு அணுத்தொகுதிகளையும் குழற்சுவரில் வேண்டுமென்றே இணைத்தபோது, அவ்விடங்கள் எக்ஸிட்டானைப் பிடித்து நிறுத்தி மிகுந்த ஒளியோடு உமிழச் செய்தன. 2017-இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தார் இத்தகைய இடங்களிலிருந்து, தந்திக்கண்ணாடியிழைகளுக்கேற்ற அலைநீளத்தில், ஒரு முறைக்கு ஒரே ஒளித்துகளை அறைவெப்பத்திற் பெற்றனர். மறைச்செய்தி அனுப்பும் முறைகளுக்கு இது பெரிதும் வேண்டப்படுவது.

இனி ஓர் எச்சரிக்கை. 2008-இல் நடந்த ஆராய்ச்சியில், நீண்ட பல்சுவர்க் குழல்கள் எலிகளின் உடலில் ஆஸ்பெஸ்டாஸ் நாரைப்போல் தீங்கு விளைத்தல் காணப்பட்டது. 2014-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், பல்சுவர்க் குழல்களில் ஒரு குறித்த வகையைப் புற்றுநோய் விளைக்கக்கூடும் என்னும் பட்டியலிற் சேர்த்தது. எல்லாக் குழல்களும் ஒரே தன்மையவல்ல. எனினும் உலர்ந்த பொடியை மூச்சிற் சேராவண்ணம் கையாளுதல் ஆய்வுக்கூடத்திற் புகும் ஒவ்வொரு மாணவரும் முதலிற் கற்கவேண்டிய பாடமாகும்.

பயிற்சியின் பொருட்டு வாசகர்கள் (8,3), (8,5), (10,10) என்னும் மூன்று குழல்களின் விட்டத்தைக் கணக்கிட்டு, எவை உலோகம், எது குறைகடத்தி என்று கூறுவார்களாக. ஒரு காகிதமும் பென்சிலும் போதும். அப்பென்சிலின் முனையிலுள்ளதும் இதே கரியடுக்கே. கணக்கு முடிந்தபின், இரண்டுக்கும் ஒன்றே முக்காலுக்கும் இடையேயிருந்த கால்பங்கு வேறுபாட்டை ஒதுக்கித் தள்ளாது ஆராய்ந்தவர்களாலேயே இக்குழல்களின் உண்மையியல்பு வெளிப்பட்டதென்பதையும் நினைவார்களாக. நம் ஆய்வுக்கூடத்தில் எழுதும் அளவைக் குறிப்புக்களிலும், எதிர்பார்த்த விடைக்கேற்ப எண்ணைத் திருத்தாமல், கண்ட எண்ணையே உள்ளவாறு எழுதி வைப்போமாக.